வீடு கட்டுவோர் சங்கத்தின் ஏழாவது கேள்வி

எங்கள் பக்கத்தில் ஒரு வளவில் வீடு கட்டக் கல் இறங்குகிறதென்றால், அந்த வளவில் ஒரு பெண்பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று அர்த்தம். வீடு அவளுக்கு. கட்டிக்கொடுத்த தாயும் தகப்பனும் கலியாணம் முடிந்த கையோடு பின்வளவில் ஒரு சின்னக் கூரைக்குக் கீழே ஒதுங்கிவிடுவார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து இறங்குவார். நானும் அப்படிப் பெட்டியோடு வந்து இறங்கியவன்தான். பதினெட்டு வருடமாக என் மனைவியின் வீட்டில் இருக்கிறேன். இன்றைக்கும் சுவரில் ஆணி அடிக்கும் முன் ஒருதரம் திரும்பிப் பார்க்கிறேன்.

வீடு கட்டுவோர் சங்கத்துக்குள் நான் வந்ததும் ஏறக்குறைய அதே மாதிரித்தான். எனக்குச் சாந்து குழைக்கத் தெரியாது. மட்டம் பார்க்கத் தெரியாது. பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கப் போனேன், கூட்டக் குறிப்பு எழுதுகிறவனாக இருத்திவிட்டார்கள். கவிதை மாதிரி ஏதோ எழுதுகிற ஆள் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். குறிப்பும் எழுத்துத்தானே என்று நினைத்திருக்க வேண்டும்.

கூட்டம் நடப்பது ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில். ஜன்னலுக்குக் கீழே வாவி கிடக்கும். மாரிக்கு முன் அதற்கு ஒரு நிறம், கடலுக்கு முகத்துவாரம் வெட்டிவிட்ட பின் இன்னொரு நிறம். உப்பா நன்னீரா என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லாத தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டுதான் சங்கம் தன் அடுத்த மூன்று வருடத்தைத் திட்டமிட உட்கார்ந்தது.

தலைவர் ஏறாவூர்க்காரர், வயதான கட்டடக் கொந்தராத்துக்காரர். எல்லாரும் ஹாஜியார் என்போம். "தம்பி, எழுதுங்க" என்றார் என்னிடம். "சங்கம் இனி என்ன செய்யப் போகுது எண்டு ஒவ்வொருத்தரா சொல்லட்டும்."

ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள். ஒவ்வொருத்தர் சொன்னதையும் மற்றவர்கள் சந்தேகித்தார்கள். கொங்கிரீட் கலக்கும் மெசின் ஒன்றைப் பொதுவில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பாவிக்கலாம் என்றார் ஒருவர். "மெசின் யார்ட வளவுக்க நிக்கும்?" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. அத்தோடு மெசின் முடிந்தது. இளம் மேசன்மாருக்கு வீட்டுப் படம் வாசிக்கப் பழக்கலாம் என்றார் மற்றவர். "பழக்கினா மறுகா அவன் எனக்குப் பாடம் எடுப்பான்." அதுவும் முடிந்தது. சாரத்திலிருந்து விழுந்தவனுக்கு உதவி என்று ஒருவர் தொடங்கினார். "விழுந்தானா, குதிச்சானா எண்டு யாரு பாக்கிற?" என்றார்கள். நான் எழுதியதை வெட்டி, வெட்டியதற்கு மேல் எழுதிக்கொண்டிருந்தேன். எதிர்காலம் என்ற தலைப்புக்குக் கீழே என் கொப்பி ஒரு கீறல் காடாகக் கிடந்தது.

ஹாஜியார் மேசையில் தட்டினார். "முதல்ல எத்தின வீடு வரப்போகுது எண்டு தெரியோணும். அது தெரியாம எதுக்குத் திட்டம்? சீமெந்து விலை ஏறும், இறங்கும். பொம்புளப் புள்ள வளர்றது மட்டும் நிக்காது. அத வீடு வீடாக் கேளுங்க. எந்த வளவில எத்தின புள்ள, என்ன வயசு. அதுதான் நம்மட மூண்டு வருசம்."

எல்லாருக்கும் பிடித்துவிட்டது. எனக்கும்தான். அதில் ஒரு அழகு இருக்கிறது என்று நினைத்தேன்: வாவியின் இரு கரையிலும் பிள்ளைகள் பின்னல் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள், ஒவ்வொருத்திக்கும் பின்னால் இன்னும் கட்டப்படாத ஒரு வீடு நடந்து போகிறது. அந்த அழகில் மயங்கித்தான் படிவத்தை எழுதினேன். மொத்தம் பத்துக் கேள்வி. ஏழாவது கேள்வி: வீட்டில் பெண்பிள்ளைகள் எத்தனை பேர், வயது என்ன? எட்டாவது: அவர்களுக்கு வளவு ஒதுக்கப்பட்டுள்ளதா?

ஒரே ஒருவர்தான் மறுத்தார். ஆரையம்பதி மேசன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் வீட்டுக் குசினித் தரையை உடைத்துப் புதிதாகப் போட்டுத் தந்தவர் அவர்தான். இரண்டு கிழமை எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்துதான் தேத்தண்ணி குடித்தார். நான் அவரை மேசன் அண்ணன் என்பேன்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாவிக்கரையில் பெரிய மாடி வீடு ஒன்றில் எட்டு மாதம் வேலை செய்தவர். அந்த வீட்டுக்காரனும் மனைவியும் ஒருவரோடொருவர் ஒரு சொல் பறைவதில்லை, மாடிக்கும் கீழுக்குமாகப் பிரிந்து இருக்கிறார்கள் என்று ஊரில் ஒரு கதை. எழுதுகிறவனுக்கு உள்ள ஆசையில் நான் மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"நான் சுவரைத்தான் பாத்தன் தம்பி" என்றார்.

அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. பிறகு கவனித்தேன், இந்தத் தொழிலில் நிலைத்தவர்கள் எல்லாரும் அப்படித்தான். மாதக்கணக்கில் ஒரு வீட்டுக்குள் நிற்கிறார்கள். யார் யாரோடு சண்டை, யாருக்குத் தனிச் சட்டியில் சோறு, எந்த அறைக்கு உள்ளே பூட்டு, எல்லாம் தெரியும். சாந்துச் சட்டியோடு நிற்கிறவரை வீட்டார் கதிரையைப் போல மறந்துபோகிறார்கள். அந்த மறதியில்தான் அவர்கள் தொழில் நடக்கிறது. கதை வெளியே கொண்டுபோன மேசனை அடுத்த வளவு கூப்பிடாது.

"ஹாஜியார், இந்தக் கேள்விக்கு மறுமொழி நம்ம எல்லாருக்கும் தெரியும்" என்றார் அவர். "ஆருக்கு எத்தின பிள்ளை, எந்த வளவு, எப்ப கல்லு வைக்கிற எண்டு எல்லாம் தெரியும். தெரிஞ்சபடியாத்தான் வெளியில பறையிற இல்ல. அதக் கடதாசியில ஏன் எழுதுவான்?"

"கடதாசி இல்லாமத் திட்டம் போடேலா மேசன்."

நான் குறிப்பில் எழுதினேன்: ஒரு உறுப்பினர் ஐயம் தெரிவித்தார்.

ஆனாலும் வாவிக்கு மறுகரையில் உள்ள கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் படிவங்களை அவரிடமே கொடுத்தார்கள். அங்கே அவர் கட்டாத தெருவில்லை. அவர் முகத்துக்காகத்தான் ஆட்கள் கையெழுத்து வைத்தார்கள் என்று நினைக்கிறேன். முதலில் நிரப்பிக் கொண்டுவந்ததும் அவர்தான். சுவருக்கு நேர்பிடிக்கும் நூலால் கட்டிய ஒரு கட்டு. என் வீட்டுக்கே கொண்டுவந்து மேசையில் வைத்தார். வைத்த உடனே மேசை ஒருபக்கம் ஆடியது. அதற்கு ஒரு கால் மற்றக் கால்களைவிடக் கட்டை.

"தரை மட்டம்தான் தம்பி" என்றார் அவசரமாக. "மேசையிலதான் பிழை."

சங்கத்தில் இருப்பதால் என் வீட்டுக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. நிரப்பினேன். எங்களுக்கு ஒரே பிள்ளை, பதினாறு வயது மகள். ஏழாவது கேள்விக்கு வந்தபோது பேனை நின்றது. பிறகு எழுதலாம் என்று அதை மட்டும் வெறுமையாக விட்டு, அந்த நூலுக்குள்ளேயே செருகி வைத்தேன். கட்டை அவிழ்க்கவில்லை. ஊர் ஊராகப் பிரித்துக் கணக்கெடுக்க வேண்டிய வேலை. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று கிழமை அது அங்கேயே கிடந்தது. சோற்றுப் பானைக்குப் பக்கத்தில், பத்திரிகைக்குக் கீழே, மாம்பழத்துக்கு மேலே.

பிறகு கொக்கட்டிச்சோலையில் அது நடந்தது.

அங்கே ஒரு வெள்ளாமைக்காரர். வயல் வட்டையில் மாரி அறுவடை முடிந்ததும் மகளுக்கு அத்திவாரம் வெட்டுவது, கட்டுவது ஆரையம்பதி மேசன் என்று வாய்ப்பேச்சு முடிந்திருந்தது. மேசனுக்கு அந்த வருடத்துக்கு இருந்த பெரிய வேலை அதுதான். ஒருநாள் பின்னேரம் வெள்ளாமைக்காரரின் வாசற் கடப்படியில் ஒரு கார் வந்து நின்றதாம். முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் இறங்கி வந்து பெண் கேட்டார்களாம். கேட்டதில் பிழையில்லை. ஆனால் பிள்ளைக்கு இருபத்திமூன்று முடிந்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கிணற்றுக்குத் தெற்கே அவளுக்கு வளவு ஒதுக்கியிருப்பது தெரிந்திருந்தது.

"உங்களுக்கு ஆர் சொன்ன?" என்று கேட்டிருக்கிறார்.

வந்தவர்களில் ஒருத்தி ஒளிக்கவில்லை. போனை நீட்டினாள். அதற்குள் அவருடைய படிவம். அவருடைய கையெழுத்து.

"இது எப்பிடி உங்களுக்கு?"

"வாட்ஸ்அப்பில வந்தது."

"ஆர் அனுப்பின?"

"வந்தது."

அந்தப் படத்தைத் தன் போனுக்கும் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டுதான் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். அடுத்த நாள் காலை மேசன் வழமை போல அந்தப் பக்கம் போயிருக்கிறார். கடப்படியில் வைத்தே வெள்ளாமைக்காரர் சொன்னது ஊர் முழுக்கக் கேட்டதாம்: "உன்னை நம்பித்தானே பிள்ளைட வயச எழுதினன். இனி இந்த வளவுக்க கால் வைக்காத."

ஒரு கிழமைக்குள் அந்தக் கரையில் எங்கள் ஆட்கள் போனால் நாய் மட்டும்தான் வெளியே வந்தது. படிவத்தைத் திருப்பித் தாருங்கள் என்று ஆட்கள் ஹாஜியாரின் வாசலுக்கே வந்தார்கள். மேசனின் தங்கச்சி புருசன் கலியாணத் தரகர். அதுவரை அந்த மனிதரை யாரும் பொருட்படுத்தியதில்லை. ஒரே நாளில் எல்லாருக்கும் அவர் நினைவு வந்துவிட்டது.

நானும் துப்புத் துலக்கினேன். முதலில் ஹாஜியாரைச் சந்தேகித்தேன். அந்தக் கேள்வியை அவர்தானே அவ்வளவு கெதியாகச் சொன்னார். பிறகு படிவத்தைப் பிரதி எடுத்த கடைக்காரனை. வெறும் படிவத்தைப் பிரதி எடுத்தவனுக்கு நிரப்பிய படிவம் எங்கே கிடைக்கும் என்பது பிறகுதான் உறைத்தது. கடைசியில் மேசையில் கிடந்த கட்டை முதன்முதலாக அவிழ்த்தேன்.

படிவங்கள் ஊர்வாரியாக இல்லை. தெருவாரியாகவும் இல்லை. பத்தொன்பது, இருபது, இருபது, இருபத்தொன்று, இருபத்திமூன்று. பெண்பிள்ளைகளின் வயதுப்படி அடுக்கியிருந்தது. இருபத்தேழு வயதுக்கு மேற்பட்டவை ஒரு தனிக் கட்டாகக் கடைசியில்.

வீடு கட்டுகிறவன் வயதுப்படி ஏன் அடுக்க வேண்டும்? பெண் தேடுகிறவன்தான் அடுக்குவான். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோசத்தோடு ஹாஜியாருக்குப் போன் எடுத்தேன். அந்தச் சந்தோசத்தை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

"அப்ப சரி தம்பி, முடிஞ்சுது" என்றார் அவர். குரலில் சந்தோசம் இல்லை. "கூட்டத்துக்கு அறிவித்தல் எழுதுங்க. ஆளை விலக்கத்தான் வேணும். இல்லாட்டி சங்கத்தையே ஒருத்தரும் வளவுக்க விடமாட்டாங்க."

விலக்குவது என்றால் கடதாசியில் ஒரு பெயரை வெட்டுவது அல்ல. விலக்கப்பட்டவரோடு எங்கள் ஆட்கள் யாரும் ஒரே சாரத்தில் ஏறமாட்டார்கள். தனி ஒருவராக வீடு எழுப்ப முடியாது. ஐம்பத்தைந்து வயதில் அவர் மதில் பூசிக்கொண்டும் கக்கூஸ் குழி கட்டிக்கொண்டும் திரிய வேண்டியதுதான். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அறிவித்தலை நல்ல தமிழில் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மேசன் வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு வந்தார். எத்தனையோ கதிரை இருந்தும் எனக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். வாவி அன்றைக்குத் தகரம் போல மினுங்கியது; ஒரு தோணி கூட இல்லை.

ஹாஜியார் விசயத்தைச் சொன்னார். படிவங்கள் வயதுப்படி அடுக்கியிருந்ததை நான் எழுந்து சொன்னேன்.

"நான் கட்டினது தெருத் தெருவாத்தான்" என்றார் மேசன்.

"அப்ப வயசுக்கு அடுக்கின ஆரு?"

"எனக்குத் தெரியா."

"மச்சான் வந்து ஒள்ளம் ஒத்தாசை செஞ்சிட்டுப் போனாரோ?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். மெசினைப் பற்றிக் கேட்ட அதே குரல். சிரிப்பு எழுந்தது. மேசன் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. தன் விரல் நகத்தில் காய்ந்திருந்த சீமெந்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் ஒருக்காப் பாத்திருங்க, மறுகா பாக்கல்ல எண்டு சொல்லப்படா" என்று ஹாஜியார் தன் போனில் அந்தப் படத்தை எடுத்து வரிசையில் அனுப்பினார். வெள்ளாமைக்காரர் அவருக்கு அனுப்பிய படம். போன் கைக்குக் கை வந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு மேசனை ஒருதரம் பார்த்தார்கள்.

மேசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பார்த்தார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, ஒரு மூலைக்குத் தள்ளி, அங்கேயே வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனை என்னிடம் தந்தார்.

"பாருங்க தம்பி."

அவர் பெரிதாக்கி வைத்த மூலை அப்படியே இருந்தது. படிவத்தின் விளிம்புக்குக் கீழே நீலப் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. அதில் கபில நிறத்தில் ஒரு அரை வட்டம், சூடான பானை வைத்து உருகிய தழும்பு. அந்த அரை வட்டத்துக்குப் பக்கத்தில்தான் நான் தினமும் சாப்பிடுகிறேன். அந்த அரை வட்டத்துக்கு மேல்தான் இரண்டு கிழமை அவருக்குத் தேத்தண்ணி வைத்தோம்.

"சரி, விலக்குறதுக்கு விருப்பமானவங்க கையத் தூக்குங்க" என்றார் ஹாஜியார்.

கைகள் எழத் தொடங்கின. சில கைகள் மற்றக் கைகளைப் பார்த்துவிட்டு எழுந்தன. மேசன் மீண்டும் நகத்தைச் சுரண்டத் தொடங்கினார். அவர் சொல்லப்போவதில்லை என்று எனக்கு விளங்கியது. என் வீட்டுக்குள் வேலை செய்தவர். என் வீட்டுக்குள் கண்டதை என் வீட்டுக்கு வெளியே சொல்லமாட்டார். தன்னை விலக்கினாலும் சொல்லமாட்டார். போனை அடுத்தவரிடம் கொடுத்தால் போதும். அந்த அறையில் வேறு யாரும் எங்கள் மேசையைக் கண்டதில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. நீண்ட நேரம் என்று எனக்குத் தோன்றுகிறது. மேசன் சொல்வார், இரண்டு கை எழும்புகிற நேரம்தான் என்று.

"ஹாஜியார், இது எங்கட வீட்டு மேசை."

"என்ன தம்பி பறையிறீங்க?"

"இந்த விரிப்பு எங்கட. இந்தத் தழும்பு எங்கட சோத்துப் பானை வைச்சது. கட்டு மூண்டு கிழமையா என்ட வீட்டுலதான் கிடந்தது. வயசுக்கு அடுக்கின ஆரெண்டு எனக்கு இப்பதான் தெரியுது."

எழுந்த கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றன. ஒன்று தலையைச் சொறியப் போனது. ஒன்று மேலே இருந்த விசிறியைச் சரிசெய்வது போல் பாவனை செய்தது.

"அப்ப தரகர் நீங்களா?" என்றது பின்வரிசைக் குரல். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

ஹாஜியார் மேசனைப் பார்த்தார். "மேசன், நீங்க அந்த வீட்டில வேலை செஞ்ச ஆள்தானே. உங்களுக்கு விளங்கல்லையா?"

"நான் கடதாசியைத்தான் பாத்தன் ஹாஜியார்."

ஹாஜியார் தன் போனை என்னிடமிருந்து வாங்கி மேசையில் கவிழ்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இதக் குறிப்பில எப்பிடி எழுதப் போறீங்க தம்பி? ஒரு உறுப்பினர் ஐயம் தெரிவித்தார் எண்டா?"

நான் வீட்டுக்குப் போனபோது மனைவி கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் நின்ற நிலையைப் பார்த்தே விளங்கிவிட்டது.

"நான் என்ன களவா எடுத்தனா?" என்றாள், நான் எதுவும் கேட்கும் முன். "சாப்பாடு வைக்க இடமில்லையெண்டு ஒதுக்கினன். ஒதுக்கேக்க கண்ணில பட்டுது. அண்ணன்ட மகனுக்குப் பொண்ணு தேடித் தேடி மச்சாள் செருப்புத் தேஞ்சு போய் இரிக்கா. அவக்கு ஒரு படம் எடுத்து அனுப்பினன். அது பெரிய குற்றமா?"

"வயசுக்கு அடுக்கினியே?"

"அவனுக்கு இருபத்தேழு. அதுக்கு மேல உள்ள பிள்ளையள ஏன் பாக்கிற? ஒதுக்கி வைச்சன். உங்கட சங்கத்துக்கும் ஒரு அறிவில்ல. இவ்வளவு கேட்டவங்க தாய்வழியில என்ன குடியெண்டு கேக்கல்ல. ஒரே குடிக்குள்ள பொண்ணு எடுக்கேலாதே. அத நான் வேற தனியா விசாரிக்க வேண்டிக் கிடந்துது."

எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது; அதனால் கோபம் கூடியது. ஊரார் பிள்ளைகளின் வயதை இப்படி அனுப்பலாமா, நம்பி எழுதித் தந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒரு பாட்டம் பேசினேன்.

அவள் கையைக் கழுவினாள். ஆறுதலாகத்தான் கழுவினாள். "நீங்க நம்மட பிள்ளைட வயச எழுதல்லயே. வெறுமையா விட்டிரிந்தீங்க. நான் கண்டன். அப்ப அது கேக்கப்படாத கேள்வியெண்டு உங்களுக்கு முதல்லயே தெரியும்தானே?"

மீன் தண்ணீர் வாழைக்கு ஓடியது.

"மேசன் அண்ணனை விலக்கப் பாத்தாங்க" என்றேன் கடைசியில்.

அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. "மேசன் அண்ணனையா? ஏன் அவர?" கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகம் மாறியது. குசினித் தரையைத் திரும்பிப் பார்த்தாள். "நான் வாறன் கொக்கட்டிச்சோலைக்கு. நான்தான் சொல்லோணும்."

மேசனையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் ஒரே ஓட்டோவில் பாலத்தால் போனோம். வட்டை பொன்னிறமாகக் கிடந்தது. சில இடத்தில் அறுத்து முடித்த நெல் தாள் மட்டும். வெள்ளாமைக்காரர் கடப்படியில் நின்றார். மனைவி முன்னால் போய், "அண்ணன், அனுப்பினது நான். இவருக்கு ஒண்டும் தெரியா" என்று மேசனைக் காட்டினாள். அவர் அவளைப் பார்த்தார், மேசனைப் பார்த்தார். கடைசியாக என்னை.

"கேள்வி எழுதினவர் நீங்களா?"

"ஓம்."

"அவங்க ரெண்டு பேரும் உள்ளுக்க வரட்டும். நீங்க ஒள்ளம் வெளியில நில்லுங்க."

நின்றேன். வெயிலில் முக்கால் மணித்தியாலம் அந்தக் கடப்படியில் நின்றேன். உள்ளே அவர்கள் பறைவது தெரிந்தது, என்ன பறைகிறார்கள் என்பது கேட்கவில்லை. மனைவி கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். ஒரு இளம்பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்; அவளுக்காகத்தான் வீடு. மனைவி தண்ணீரைக் குடித்துக்கொண்டே அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தது எனக்கு அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கப் போனவள் இவ்வளவு நேரம் என்ன கதைக்கிறாள்? எனக்குச் சந்தேகம் வந்தது.

பிறகு மேசன் எழுந்து கிணற்றுக்குத் தெற்கே போனார். வெள்ளாமைக்காரரும் கூடப் போனார். மேசன் மடியிலிருந்து நூலை எடுத்தார். ஒரு நுனியை வெள்ளாமைக்காரரிடம் கொடுத்துவிட்டு மறு நுனியோடு நடந்தார். வெள்ளாமைக்காரர் அந்த நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வளவுக்காரர் நூலின் ஒரு நுனியைப் பிடித்துவிட்டாரென்றால் வேலை மேசனுக்குத்தான்.

திரும்பும்போது மனைவியின் கையில் ஒரு சட்டி தயிர்.

"என்ன பறைஞ்ச?" என்றேன்.

"மன்னிப்புக் கேட்டன்."

"வேற?"

"வேற என்ன? பிள்ளை நல்ல பிள்ளை" என்றாள், வெளியே பார்த்துக்கொண்டு.

அடுத்த கூட்டத்தில் ஏழாவது கேள்வியையும் எட்டாவது கேள்வியையும் நானே வாசித்து நானே வெட்டினேன். நிரப்பிய படிவங்களை வீடு வீடாகத் திருப்பிக் கொடுக்கும் வேலையை மேசன் கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று வருடத் திட்டம் மறுபடி வெறுமையாகக் கிடந்தது.

"வரப்போற வீட்டை ஏன் தேடித் திரியிறீங்க?" என்றார் மேசன். "கட்டின வீட்ட ஒருக்காப் போய்ப் பாத்தமா? முதல் மாரி முடிய ஒவ்வொரு வீட்டுக்கும் போவம். எங்க ஒழுகுது, எங்க வெடிச்சிரிக்கு எண்டு பாத்து, நம்மட பிழையெண்டா நாமே சரிசெய்வம். வேற எந்தக் கேள்வியும் வேணா."

ஹாஜியாருக்குக் கண் மின்னியது. ஆனால் அறை முழுக்கச் சந்தேகம் மீண்டும் புகுந்தது. "நான் கட்டின வீட்ட நீ பாக்கப்படா." "ஒருத்தன்ட வெடிப்ப மற்றவன் போய்ப் பாத்தா அது ஊர்க்கதை." ஒரு மணித்தியாலம் சண்டை போட்டு, அவரவர் கட்டிய வீட்டை அவரவரே போய்ப் பார்ப்பது என்று முடிவானது. சங்கத்தின் முதல் சேவை என்று அதைத் தலைப்பிட்டு எழுதினேன். அன்றைக்கு என் கொப்பியில் வெட்டாமல் நின்ற ஒரே பந்தி அதுதான்.

அடுத்த மாரி முடிந்ததும் மேசன் எங்கள் வீட்டுக்கு வந்தார். குசினித் தரையில் மட்டக்கோலை வைத்து மூலை மூலையாகப் பார்த்தார். சுவரடியைத் தட்டிக் காது வைத்துக் கேட்டார். மனைவி பக்கத்திலேயே நின்றாள், பரீட்சை எழுதுகிறவள் போல.

"ஒண்டும் இல்ல பிள்ளை. தரை நல்லா இரிக்கு."

மேசையில் தேத்தண்ணி வைத்தாள். மேசை ஆடித் தேத்தண்ணி சிந்தியது. விரிப்பை மனைவி மாற்றியிருந்தாள். இப்போது பச்சை நிறம். அவர் அதைக் கண்டாரா இல்லையா என்று முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"அண்ணன், அண்டைக்கு நீங்க ஒரு சொல் சொல்லியிருந்தா என்ன?" என்று கேட்டேன். "உங்கட சாப்பாட்டு வழியே போயிருக்கும்."

"நீங்க அடுக்கு மாறியிருக்கெண்டு கண்ட அண்டைக்கு என்னட்ட ஒரு சொல் கேட்டிருந்தா என்ன தம்பி?"

கோபமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணியை ஊதிக்கொண்டு சொன்னார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தார். "எல்லாருக்கும் திருப்பிக் குடுத்தாச்சு. இது ஒண்டுதான் மிச்சம். உங்கட." என் படிவம். ஆறாவது வரை என் எழுத்து, எட்டாவதிலிருந்து மறுபடி என் எழுத்து. நடுவில் ஒரு வெள்ளை இடம். நான் கை நீட்டினேன். அவர் தரவில்லை. அதை இரண்டாக மடித்தார், நான்காக, எட்டாக. குனிந்து மேசையின் கட்டைக் காலுக்குக் கீழே வைத்து அழுத்தினார். நிமிர்ந்து உள்ளங்கையால் மேசையை ஒருதரம் தள்ளிப் பார்த்தார்.

"இப்ப சரி" என்றார்.

மேசை இப்போது ஆடுவதில்லை. ஆனால் சாப்பிட உட்காரும்போதெல்லாம், அந்த இரண்டு கிழமையில் அவர் எங்கள் வீட்டில் வேறு என்னென்னவற்றைப் பார்க்காமல் இருந்தார் என்று எனக்கு ஒரு யோசனை வருகிறது. கேட்டால் சொல்லமாட்டார்.